நாலு பேராகப் போய் ஆஸ்திரேலிய நிலக்காட்சி எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் இருந்து அவ்வப்போது கேமராவும் புளிசாதப் பொட்டலமுமாகக் கிளம்புகிறவர்கள் நாங்கள். சங்கம், தலைவர், செயலாளர் எதுவும் கிடையாது. ஒரு வாட்ஸப் குழு, இரண்டு கார், அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைக் கேட்பதால் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நடுநடுவே என் சொந்த அபிப்பிராயமும் இருக்கும். ஒத்துக்கொள்ளாதவர்கள் காரில் வரும்போது சண்டை போடலாம்.

தனியாகப் போனால் நிம்மதியாக எடுக்கலாமே, கூட்டம் எதற்கு?

நகரத் தெருக்களை எடுப்பதென்றால் தனியாகவே போங்கள். நிலக்காட்சி விஷயம் வேறு. சிட்னியில் இருந்து ப்ரோக்கன் ஹில்லுக்கே 1,100 கி.மீ.க்கு மேல். மாநில எல்லையைக்கூட இன்னும் தாண்டியிருக்க மாட்டீர்கள். ஸ்டியரிங்கை மாற்றிப் பிடிக்க ஆள் வேண்டும், பெட்ரோல் செலவைப் பங்கு போட ஆள் வேண்டும். பெரிய ஊர்களை விட்டு விலகினால் போனில் சிக்னல் போய்விடும். பாறையில் கால் பிசகினால் கூட இருப்பவர்தான் உங்கள் ஆம்புலன்ஸ்.

இதெல்லாம் வசதிக்கான காரணங்கள். உண்மையான காரணம், இந்த நாட்டு வெளிச்சம் ஒருவர் கண்ணுக்கு மட்டும் சீக்கிரம் பிடிபடாது. நீங்கள் கடலையே பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்பவர் முதுகைத் திருப்பி, பின்னால் குன்றின் மேல் விழும் வெளிச்சத்தை எடுத்துக்கொண்டிருப்பார். அன்று மாலை அவர் படத்தைப் பார்க்கும்போதுதான் அது நமக்கு உறைக்கும்.

இது புதுப் பழக்கமும் இல்லை. 1916 நவம்பரில் சிட்னியில் ஆறு பேர் கூடி சிட்னி கேமரா சர்க்கிள் என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஹரால்ட் காஸ்னோ, செசில் போஸ்டாக் இருவரும் அதில் உண்டு. அந்தக் காலத்தில் கலைப்படம் என்றால் இங்கிலாந்து பாணிதான்: மூடுபனி, மங்கலான கரைகள், சாம்பல் நிறம். வெயில் கொளுத்தும் நாட்டில் உட்கார்ந்துகொண்டு லண்டன் பனியைத் தேடுவானேன் என்று இவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. எங்கள் ஆஸ்திரேலியாவைச் சாம்பலிலும் மங்கிய நிழலிலும் காட்டாமல் வெயிலில் காட்டுவோம் என்று உறுதிமொழியே எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி யார் என்ன கேட்டாலும் நான் அந்த ஆறு பேரை இழுத்துவிடுவேன் என்று வீட்டில் புகார் உண்டு.

என்ன கேமரா வாங்கலாம்? மொபைல் போதுமா?

முதல் சில பயணங்களுக்கு மொபைல் தாராளமாகப் போதும். அப்புறம் வாங்குவதானால் முதலில் நல்ல டிரைபாட் வாங்குங்கள், அதன் பிறகு கேமரா. பழைய மாடல் கேமராவும் காற்றில் ஆடாத டிரைபாடும் இருந்தால் இந்தப் பக்கத்தில் சொல்லியிருக்கும் எல்லாவற்றையும் எடுக்கலாம். லென்ஸில் எல்லோரும் வைட் ஆங்கிளுக்குத்தான் ஓடுகிறார்கள். நான் 70–200 மி.மீ. மாதிரி ஒரு ஜூமையும் எடுத்து வரச் சொல்வேன். இங்கே நிலம் பரந்து கிடக்கிறது. வைட் ஆங்கிளில் எடுத்தால் மலையெல்லாம் குட்டியாகி, படத்தில் முக்கால்வாசி வெறும் வானமாகிவிடும்.

நான் எடுக்கும் படமெல்லாம் வெளுத்துப் போகிறதே, ஏன்?

அதிகம் வருகிற கேள்வி இதுதான், பதிலும் நீளம்.

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. ரேகைக்குத் தெற்கே அதே தூரம் போனால் டார்வின் பக்கம் வரும். அங்கே வெயிலும் அந்தியும் நமக்குப் பழகிய மாதிரிதான் இருக்கும்: சூரியன் சடாரென்று இறங்கும், சீக்கிரம் இருட்டிவிடும். சிட்னி 34 டிகிரி தெற்கு, டாஸ்மேனியாத் தீவில் இருக்கும் ஹோபார்ட் 43. இங்கே சூரியன் கிழக்கே எழுந்து, வடக்குப் பக்கமாகச் சாய்ந்து நடந்து, மேற்கே இறங்கும். நிழல் தெற்கே விழும். மாலை வெளிச்சம் எந்தப் பாறையில் விழும் என்று ஊர் ஞாபகத்தில் கணக்குப் போட்டால் தப்பிவிடும். தெற்குப் பார்த்த செங்குத்துப் பாறைகளுக்குக் குளிர்காலத்தில் நேர் வெயிலே கிடைப்பதில்லை.

உயரத்தையும் பாருங்கள். டிசம்பர் நண்பகலில் சிட்னி வானில் சூரியன் ஏறக்குறைய 80 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும். ஜூன் நண்பகலில் 33 டிகிரிக்கு மேல் எழும்பாது. ஹோபார்ட்டில் அது 24 டிகிரிதான். அதாவது டாஸ்மேனியாவின் குளிர்காலத்தில் நாள் முழுக்கவே சாய்வெயில். மே முதல் ஆகஸ்ட் வரை காலை 10 மணிக்குக்கூட நல்ல படம் எடுக்கலாம். ஜனவரியில் அதே 10 மணிக்கு கேமராவை மூடிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

மூன்றாவது, காற்று. உள்நாட்டில் காற்று வறண்டது, ஈரமும் புகையும் குறைவு. தொலைவில் இருக்கும் மலை கூர்மையாகத் தெரியும், வெயில் படும் இடத்துக்கும் நிழலுக்கும் நடுவே வித்தியாசம் பயங்கரமாக இருக்கும். கேமரா இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கத் திணறி ஒன்றை வெளுத்துவிடும். வெளிச்சப் பகுதிக்கு ஏற்ற மாதிரி எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தை) குறைத்து, ரா ஃபைலில் (கேமரா பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே வைக்கும் கோப்பில்) எடுங்கள். நிழலைப் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாம். வெளுத்துப் போனதைத் திரும்பக் கொண்டுவர வழி இல்லை.

நண்பகலில் எடுக்கவே கூடாது என்பதும் இல்லை. குறுகலான பாறைப் பிளவுகளுக்குள் வெளிச்சம் இறங்குவது அப்போதுதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் லகூன் மாதிரி இளஞ்சிவப்பு ஏரிகளில் உப்புநீர்ப் பாசி தரும் நிறம் உச்சி வெயிலில்தான் பளிச்சென்று தெரியும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கடுமையான நிழலே படமாகிவிடும்.

காஸ்னோ 1937இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடரில், வில்பீனா பவுண்ட் அருகே ஒரு பெரிய ஆற்றங்கரை யூகலிப்டஸ் மரத்தை எடுத்தார். வேர்கள் வெளியே தெரிய, அடிமரம் குடைந்து போயும் நிமிர்ந்து நிற்கும் மரம். உறுதிமொழி எடுத்து இருபது வருஷம் கழித்தும் அதே வெயிலைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். மரம் இன்னும் அங்கே நிற்கிறது, வழிகாட்டிப் பலகையும் உண்டு. (தொழிலதிபர் டிக் ஸ்மித்துக்கு காஸ்னோ தாய்வழித் தாத்தா. எலக்ட்ரானிக்ஸ் கடை ஞாபகம் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.)

எந்த மாதத்தில் எங்கே போகலாம்?

வடக்கே, அதாவது ககாடு, கிம்பர்லி பக்கம், மே முதல் செப்டம்பர் வரை. அதன் பிறகு மழைக்காலம், பல சாலைகள் மூடிவிடும். மின்னல் எடுக்க ஆசை இருந்தால் மட்டும் நவம்பர், டிசம்பரில் டார்வினுக்குப் போங்கள். நடுப் பாலைவனத்துக்கும் குளிர்காலம்தான், ஆனால் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும், கம்பளி இல்லாமல் வராதீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் காட்டுப்பூக்கள் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை.

ஏப்ரல் கடைசியில் டாஸ்மேனியாவுக்கு ஒரு முறையாவது போய்விடுங்கள். அங்கே ஃபேகஸ் என்று ஒரு சின்ன மரம், சில இடங்களில் இடுப்பு உயரப் புதர்தான். ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் காடுகள் குளிர்காலத்திலும் பச்சையாகவே நிற்கும்போது, குளிருக்கு இலை உதிர்க்கும் மண்ணின் மரம் இது ஒன்றுதான். உதிர்வதற்கு முன் மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்பு என்று மாறும். ஏப்ரல் 25 ஆன்சாக் தின விடுமுறையை ஒட்டி கிரேடில் மவுண்டனிலும் மவுண்ட் ஃபீல்டிலும் டிரைபாட் வைக்க இடம் தேட வேண்டியிருக்கும்.

முதல் பயணமே உலுருவுக்குப் போய்விடலாமா?

போகலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் நாட்டின் நடுப் பாலைவனத்தில் நிற்கும் அந்தப் பெரிய சிவப்புப் பாறைக்கு விமானம் ஏறிப் போய், இரண்டு மாலைகளில் எடுத்துவிட்டுத் திரும்பும் படம் பெரும்பாலும் தபால் அட்டைப் படமாகத்தான் இருக்கும். வீட்டில் இருந்து இரண்டு மணி நேரத்தில் போகிற ஓர் இடத்தைப் பிடித்து, எல்லாப் பருவத்திலும் போய்ப் பழகுங்கள் என்பது என் பிடிவாதம்.

சிட்னிக்காரர்களுக்கு ப்ளூ மவுண்டன்ஸ் இருக்கிறது. கடூம்பா 100 கி.மீ. தூரம்தான், ரயிலே போகிறது. த்ரீ சிஸ்டர்ஸ் பாறைகளை எல்லோரும் எக்கோ பாயிண்டில் நின்று எடுக்கிறார்கள். நீங்களும் எடுங்கள், அதில் ஒன்றும் குற்றமில்லை. அடுத்த முறை, மழை பெய்து ஓய்ந்த மறுநாள் விடியலில் போங்கள். பள்ளத்தாக்கு முழுக்கப் பனி நிரம்பி, பாறைத் தலைகள் மட்டும் வெளியே நிற்கும் வாய்ப்பு உண்டு. 2019–20 கோடையில் அந்த மலைக்காடுகளின் பெரும் பகுதி எரிந்தது. கொஞ்ச நாளில் கரிந்த அடிமரங்களில் இருந்தே நேராகச் செந்தளிர்கள் வெடித்துக் கிளம்பின. 2021 கோடையில் இளஞ்சிவப்பு ஃப்ளானல் பூ தரையெங்கும் பூத்தது. நெருப்புக்குப் பின் மட்டுமே அப்படிப் பூக்கும் செடி அது. ஒரே இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்களிடம் மட்டும்தான் அந்தக் காட்டின் முன்னும் பின்னும் படங்களாக இருக்கின்றன.

உலுருவில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது?

உலுரு அனங்கு என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1985 அக்டோபர் 26இல் உரிமை அவர்களிடம் திரும்பத் தரப்பட்டது. 2019இல் அதே தேதியில் பாறை மேல் ஏறுவது முழுமையாக நிறுத்தப்பட்டது. பாறையைச் சுற்றிய நடைபாதை 10 கி.மீ.க்குச் சற்று அதிகம். வழியில் சில இடங்களில், இங்கே படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும். அவை அவர்களுடைய சடங்குகளுக்குரிய இடங்கள். அவற்றின் கதைகளைத் தெரிந்துகொள்ளும் உரிமையே அவர்களில் சிலருக்கு மட்டும்தான். யாரும் கவனிக்கவில்லை என்று ஜூம் போட்டு எடுப்பவர்களை எங்கள் குழுவில் அடுத்த முறை கூப்பிடுவதில்லை. கோயில் கருவறைக்குள் கேமராவை நீட்டக் கூடாது என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே.

தூரத்தில் இருந்து முழுப் பாறையை எடுக்க உதய நேரத்துக்கும் அஸ்தமன நேரத்துக்கும் தனித்தனி இடங்கள் அமைத்திருக்கிறார்கள். சொந்த ஆசைக்கு எடுப்பதற்குத் தடையில்லை. படத்தை விற்கவோ விளம்பரத்துக்குக் கொடுக்கவோ நினைத்தால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

சிவப்பு மண் படத்தில் மட்டும் ஏன் போலியாகத் தெரிகிறது?

இரண்டு காரணம். முதலாவது, ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறத்தை கேமராவே சரிசெய்துகொள்ளும் வசதி. பாறையில் இருக்கும் இரும்பு துருப்பிடித்த நிறம்தான் அந்தச் சிவப்பு. கேமரா அதை ஏதோ தப்பான வெளிச்சம் என்று நினைத்து நீலத்தைக் கலந்துவிடும். ஒயிட் பேலன்ஸை வெயில் குறியில் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது கொஞ்சம் நுணுக்கம். அஸ்தமன வெளிச்சத்தில் சிவப்புப் பாறையை எடுக்கும்போது கேமரா தனியாகப் பதியும் சிவப்பு நிறம் (சிவப்பு சேனல்) மட்டும் முதலில் நிரம்பி வழியும். சாதாரண ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) எல்லாம் சரி என்றே காட்டும், வீட்டுக்கு வந்து பார்த்தால் பாறையின் வரிகளும் வெடிப்புகளும் மறைந்து, பெயிண்ட் அடித்த மாதிரி ஒரே பூச்சாக இருக்கும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்து, சிவப்புக் கோடு வலது ஓரத்தை இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கணினியில் நிறத்தை அடர்த்தியாக்கும் சாச்சுரேஷன் பட்டையைத் தொடாதீர்கள். உள்ளபடியே அந்த மண் போதுமான சிவப்புதான்.

இன்னொன்று, அந்தத் தூசி. காற்றடிக்கும்போது லென்ஸைக் கழற்றி மாட்டாதீர்கள்.

யூகலிப்டஸ் காடு படத்தில் வெறும் குப்பையாக வருகிறதே?

நீலகிரிக்குப் போனவர்களுக்குத் தைலமரம் தெரியும், 1840களிலேயே ஊட்டிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே வரிசையாக நட்டிருப்பார்கள். சொந்த ஊரில் அது இஷ்டத்துக்கு வளரும்: கோணல் கிளை, உரிந்து தொங்கும் பட்டை, தரையெல்லாம் சருகு. காட்டையே படத்தில் அடக்க நினைக்காமல் ஒரே ஒரு மரத்தை எடுங்கள். மேகமூட்டமான நாளில் போங்கள். போலரைசர் ஃபில்டரை மாட்டிக்கொள்ளுங்கள், இலையின் மேல் இருக்கும் பளபளப்பு அடங்கி உண்மையான பச்சை தெரியும். மலை உச்சிகளில் நிற்கும் ஸ்னோ கம் மரங்களின் பட்டை நனைந்தால் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக வரிவரியாகத் தெரியும். வறண்ட நாளில் அதே மரம் சாம்பல் நிறத்தில் சும்மா நிற்கும்.

ஆற்றங்கரை யூகலிப்டஸ் மரத்தடியில் கூடாரம் மட்டும் போடாதீர்கள். காற்றே இல்லாத நாளிலும் பெரிய கிளையை முறித்துப் போடும் மரம் அது.

கடலோரப் பாறையில் அலையை எடுக்க என்ன செய்ய வேண்டும்?

முதல் பத்து பதினைந்து நிமிடம் கேமராவை வெளியே எடுக்காமல் கடலைப் பாருங்கள். அலை கூட்டம் கூட்டமாக வரும். ஐந்து நிமிடம் சாதுவாக இருந்துவிட்டுப் பெரிய அலை ஒன்று, நீங்கள் நிற்க நினைத்த பாறையைக் கழுவிவிட்டுப் போகும். பாறை ஈரமாக இருந்தால் அலை அங்கே வந்திருக்கிறது என்று அர்த்தம். கடலுக்கு முதுகு காட்டக் கூடாது. கியாமா பக்கத்தில் போம்போ பழைய கல்குவாரி எங்கள் குழுவுக்கு மிகப் பிடித்த இடம். எரிமலைப் பாறை தூண் தூணாக நிற்க, நடுவே கடல் பீறிட்டுக் கொட்டும். அலை பெரிதாக இருக்கும் நாளில் அங்கே இறங்காமல் மேலே இருந்தே ஜூமில் எடுப்போம்.

ஷட்டரை அரை வினாடியில் இருந்து ஒரு வினாடி வரை திறந்து வைத்தால் நீர் ஓடிய தடம் தெரியும். முப்பது வினாடி வைத்தால் கடல் புகையாகிவிடும். அது ஒரு காலத்து ஃபேஷன், எனக்கு அலுத்துவிட்டது. திரும்பியதும் டிரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

விக்டோரியாவின் கிரேட் ஓஷன் ரோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே கடலில் நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள் நிரந்தரம் இல்லை. லண்டன் பிரிட்ஜ் வளைவு 1990 ஜனவரியில் இடிந்தது, ட்வெல்வ் அப்போஸ்டல்ஸ் தூண்களில் ஒன்று 2005 ஜூலையில் சரிந்தது, லாக் ஆர்ட் பக்கத்து ஐலண்ட் ஆர்ச்வே 2009இல் போனது. அடுத்தது எது என்று யாருக்கும் தெரியாது, ஆகவே பாறை விளிம்பில் வேலி தாண்டிப் போகாதீர்கள்.

பால்வெளி எடுக்க வேண்டும், எப்போது வரலாம்?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, நிலா இல்லாத இரவுகளில். பால்வெளியின் நடுப்பகுதி சென்னையில் தெற்கு வானின் பாதி உயரத்தில்தான் கடந்து போகும். இங்கே அது கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே வரும். ஊரில் இருந்து வரும் நண்பர்கள் இதைப் பார்த்துத்தான் வாயைப் பிளப்பார்கள். நம்மூரில் திரிசங்கு என்று சொல்லும் தென்சிலுவை, சித்திரை வாக்கில் தொடுவானத்துக்குச் சற்று மேலே தலைகாட்டுமே, அது சிட்னியில் ஏறக்குறைய மறைவதே இல்லை. அதன் பக்கத்தில் இருக்கும் கருந்திட்டு பல பூர்வகுடி மக்களுக்கு ஈமுப் பறவையின் தலை. பால்வெளியின் இருண்ட பகுதிகளே அதன் கழுத்தும் உடலும். ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் நட்சத்திரத்தை விட்டுவிட்டு இருட்டைத்தான் எடுக்கத் தோன்றும்.

தெற்கில் துருவ நட்சத்திரம் மாதிரி பளிச்சென்று எதுவும் இல்லை. தென்சிலுவையின் நீளவாட்டைப் போல நாலரை மடங்கு தூரம் அடிப்பக்கம் நீட்டினால் தென் துருவப் புள்ளி வரும். சுழலும் நட்சத்திரத் தடங்களுக்கு அதை மையமாக வையுங்கள். நட்சத்திரம் கோடாக இழுபடாமல் இருக்க, 500ஐ லென்ஸின் மி.மீ. அளவால் வகுங்கள்: 20 மி.மீ.க்கு 25 வினாடி. இன்றைய கேமராக்களுக்கு அதிலும் கொஞ்சம் குறைத்தால் நல்லது.

இடம் என்றால் வாரம்பங்கல் தேசியப் பூங்கா. 2016இல் ஆஸ்திரேலியாவின் முதல் இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, சைடிங் ஸ்பிரிங் வானாய்வகமும் பக்கத்திலேயே இருக்கிறது. குழுவாகப் போகும்போது வெள்ளை டார்ச் அடிக்காதீர்கள், சிவப்பு டார்ச் மட்டும். மற்றவர்களின் படத்தைக் கெடுப்பதற்கு கார் முன்விளக்கை ஒரு வினாடி போட்டாலே போதும்.

விடியலுக்கு முன்னால் கிளம்பி ஓட்டிப் போவது பாதுகாப்பா?

இல்லை. நமக்கு நல்ல வெளிச்சம் தரும் நேரமும் கங்காரு சாலைக்கு வரும் நேரமும் ஒன்றேதான்: விடியலும் அந்தியும். 110 கி.மீ. வேகத்தில் ஒரு பெரிய கங்காருவை மோதினால் அதுவும் பிழைக்காது, காரும் பிழைக்காது. வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் ஊருக்கு வெளியே இரவில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பொடி எழுத்தில் இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எடுக்கப் போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே தங்கிவிடுவது எங்கள் வழக்கம். கூடாரச் செலவு கார் பழுதுபார்க்கும் செலவில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

பாம்பு, முதலை?

பாம்பு உங்களைக் கண்டால் ஒதுங்கிவிடும், மூடிய ஷூ போடுங்கள். முதலை ஒதுங்காது. வடக்கே ஆறோ குளமோ கடற்கரையோ, நீர் விளிம்பில் டிரைபாட் வைத்துக் குனியவே கூடாது. சிக்னல் இல்லாத இடங்களுக்குப் போகும்போது செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் பீக்கன் கருவி ஒன்று குழுவில் யாரிடமாவது இருக்க வேண்டும். சில இடங்களில் வாடகைக்கும் கிடைக்கும். அவசர எண் 000.

இதையெல்லாம்விட நிச்சயமாகச் சந்திக்கப் போவது ஈ. உள்நாட்டில் முகவலை இல்லாமல் வ்யூஃபைண்டரில் கண் வைக்க முடியாது.

ட்ரோன் கொண்டு வரலாமா?

பொது விதி: 120 மீட்டருக்கு மேல் பறக்கவிடக் கூடாது, மற்றவர்களிடம் இருந்து 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், இரவில் கூடாது. தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் அனுமதி இல்லாமல் முடியாது. உலுருவில் பறக்கவிடவே கூடாது. நீங்கள் ஒருவர் பறக்கவிட்டால் மீதி ஏழு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்பதையும் யோசியுங்கள்.

வானில் இருந்து எடுக்கத்தான் ஆசை என்றால் காசு சேர்த்து தெற்கு ஆஸ்திரேலியாவின் வில்லியம் க்ரீக் போய்ச் சின்ன விமானத்தில் கட்டி தண்டா–ஐர் ஏரி மேல் பறங்கள். கடல் மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே கிடக்கும் உப்புப் படுகை அது. முழுக்க நிரம்புவது அபூர்வம், 1974இல்தான் பதிவானதிலேயே அதிக நீர் வந்தது. கொஞ்சம் தண்ணீர் வந்தாலும் மேலே இருந்து பார்க்க உப்பும் சேறும் நீரும் கலந்து ஓவியமாக இருக்கும். ஷட்டர் வேகத்தை 1/1000 வினாடி அல்லது அதைவிட வேகமாக வையுங்கள், கண்ணாடியில் கையை ஊன்றாதீர்கள். படுகைக்குள் இறங்கி நடக்க வேண்டாம் என்பது அந்த ஏரிக்குரிய அரபானா மக்களின் வேண்டுகோள்.

எல்லோரும் ஒரே இடத்தில் நின்றால் ஒரே படம்தானே வரும்?

வரும், சோம்பேறித்தனமாக இருந்தால். நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். இடத்துக்குப் போனதும் முதல் அரை மணி நேரம் யாரும் யார் பக்கத்திலும் நிற்பதில்லை, ஆளுக்கொரு திசையில் போய்விடுவோம். வெளிச்சம் உச்சத்துக்கு வரும்போது விருப்பப்பட்டவர்கள் கூடிக்கொள்ளலாம். அடுத்த வாரம் ஒவ்வொருவரும் மூன்றே மூன்று படம் குழுவில் போட வேண்டும். முந்நூறு எடுத்தாலும் மூன்றுதான். யாருடையது என்று சொல்லாமல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் இரண்டு மூன்று பயணத்திலேயே யார் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிடும்: ஒருவர் எப்போதும் ஒற்றை மரம், ஒருவர் எப்போதும் சாலை, ஒருவர் மேகம். உங்கள் பழக்கம் உங்களுக்குத் தெரியாது, மற்றவர்கள்தான் சொல்வார்கள்.

ஏதாவது கேமரா கிளப்பில் சேரலாமா?

தாராளமாக. ஏறக்குறைய எல்லாப் பெரிய ஊரிலும் ஒன்று உண்டு. மெல்பர்ன் கேமரா கிளப் 1891இல் தொடங்கியது, நாடு முழுவதற்குமான ஆஸ்திரேலியன் போட்டோகிராஃபிக் சொசைட்டி 1962இல். மாதாமாதம் போட்டி நடக்கும். கொடுத்த தலைப்பில் ஒரு பிரிவு, இஷ்டப்பட்டதற்கு ஒரு பிரிவு, அச்சுப் படம் தனி, திரைப் படம் தனி. வேறு கிளப்பில் இருந்து ஒரு நடுவர் வந்து எல்லோர் முன்னாலும் உங்கள் படத்தைப் பற்றிப் பேசுவார். முதல் முறை காது சிவக்கும். நடுவருக்கு நடுவர் ருசி மாறும் என்பது ஒரு வருடத்தில் புரிந்துவிடும்.

நான் கிளப்புக்குப் போகச் சொல்வது மதிப்பெண்ணுக்காக இல்லை. அங்கே எழுபது வயதுக்காரர் ஒருவர் கட்டாயம் இருப்பார். எந்தக் காட்டுப் பாதையில் எந்த மாதத்தில் எத்தனை மணிக்கு வெளிச்சம் விழும் என்று அவருக்குத் தெரியும். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார், டீயும் பிஸ்கெட்டும் கொடுப்பார்.

கணினியில் வானத்தை மாற்றி வைக்கலாமா?

உங்கள் வீட்டுச் சுவரில் மாட்ட எதையும் செய்யலாம். கிளப் போட்டிகளில் இயற்கைப் பிரிவுக்கு அனுப்பினால் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. எங்கள் குழுவில் விதி எதுவும் இல்லை, மாற்றினால் மாற்றினேன் என்று சொல்லிவிட வேண்டும். அண்டார்டிகா போன புகைப்படக்காரர் ஃப்ராங்க் ஹர்லி நூறு வருடத்துக்கு முன்பே வேறொரு நெகட்டிவில் இருந்து மேகத்தை எடுத்து ஒட்டினார், அதற்காக அப்போதே சண்டையும் நடந்தது. நான் ஒட்ட மாட்டேன். ஒட்டுபவர்களோடு பேச்சை நிறுத்தவும் மாட்டேன்.

இதனால் யாருக்கு என்ன பிரயோசனம்? வெறும் பொழுதுபோக்குதானே?

பொழுதுபோக்குதான். ஆனால் டாஸ்மேனியாவில் நடந்ததைக் கேளுங்கள். ஒலேகாஸ் த்ருசானாஸ் லித்துவேனியாவில் இருந்து வந்து குடியேறியவர். அணைத் திட்டத்தால் மூழ்கவிருந்த பெடர் ஏரியைத் திரும்பத் திரும்பப் போய்ப் படமெடுத்து, மக்களைக் கூட்டி ஸ்லைடு காட்டினார். அதற்கு முன் 1967 காட்டுத்தீயில் வீடும், அதுவரை எடுத்த ஸ்லைடுகளும் எரிந்துபோயிருந்தன. மனுஷர் மறுபடியும் முதலில் இருந்து எடுக்கத் தொடங்கியிருந்தார். 1972 ஜனவரியில் கோர்டன் ஆற்றில் மூழ்கி இறந்தார். அதே வருடம் ஏரியும் மூழ்கியது.

அவர் கூடவே காட்டுக்குள் போய்த் தொழில் கற்றவர் பீட்டர் டொம்ப்ரோவ்ஸ்கிஸ், லாட்வியப் பெற்றோருக்குப் பிறந்து சிறுவயதில் டாஸ்மேனியாவுக்கு வந்தவர். ஆற்றில் த்ருசானாஸின் உடலைத் தேடிக் கண்டெடுத்ததும் இவர்தான். பெரிய ஷீட் ஃபிலிம் கேமராவை முதுகில் சுமந்து ஃப்ராங்க்லின் ஆற்றில் இறங்கி, ராக் ஐலண்ட் வளைவில் விடியல் மூடுபனியை எடுத்தார். அந்த ஆற்றின் குறுக்கேயும் அணை வரவிருந்தது. 1983 மார்ச் தேர்தலுக்கு முன், இதை அழிக்கப் போகும் கட்சிக்கு ஓட்டுப் போட முடியுமா என்ற கேள்வியோடு அந்தப் படம் நாளிதழ்களில் முழுப் பக்கத்துக்கு வண்ணத்தில் வந்தது. ஆட்சி மாறியது. ஜூலை 1இல் நாட்டின் தலைமை நீதிமன்றமான ஹை கோர்ட் நாலுக்கு மூன்று என்ற கணக்கில், அணையைத் தடுத்த மத்திய அரசின் பக்கம் தீர்ப்பளித்தது, அணைத் திட்டம் கைவிடப்பட்டது. படம் மட்டுமே செய்த வேலை என்று சொல்ல மாட்டேன், ஆற்றங்கரையில் மறியல் செய்து சிறைக்குப் போனவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். ஆனால் அந்த ஆற்றுக்கு ஒருபோதும் போகாத லட்சக்கணக்கானோர் அதைப் பார்த்தது அந்த ஒரு படத்தில்தான்.

காஸ்னோ கோஷ்டி வேண்டாம் என்ற மூடுபனியை வைத்தே டொம்ப்ரோவ்ஸ்கிஸ் காரியம் சாதித்தார் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். டாஸ்மேனியாவின் தென்மேற்கில் அதுதான் உள்ளூர் வெளிச்சம்.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

பகல் பயணங்களுக்கு வரலாம், கடலோரப் பாறைகளுக்கு வேண்டாம். பழைய மொபைல் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் உயரத்தில் இருந்து எடுக்கும் படங்கள் சில நேரம் நம்முடையதை விட நன்றாக இருக்கின்றன.

மழை வந்தால் பயணம் ரத்தா?

தூறலுக்கு ரத்து இல்லை. காட்டுக்கும் அருவிக்கும் அதுதான் நல்ல நாள். உலுருவில் கனமழை பெய்தால் பாறை முழுக்க அருவிகள் இறங்கும், அதைப் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வெள்ள எச்சரிக்கை, காட்டுத்தீ அபாயம் அதிகமான நாள், பூங்கா மூடல், இந்த மூன்றுக்கும் ரத்து. உள்நாட்டு மண்சாலைகள் மழை பெய்தவுடன் மூடப்படும், மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம் உண்டு, சேற்றில் புதைந்த காரை இழுக்க ஆகும் செலவு தனி. முந்தைய நாள் மாலை 6 மணிக்குப் போகிறோமா இல்லையா என்று குழுவில் செய்தி வரும். அதற்கு முன் எனக்கு போன் செய்து கேட்காதீர்கள், நானும் வானிலை ஆப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.